வேலைநீக்க வழக்கில் ஒரு மாதக் கெடு: தாமதம் எதை எதைப் பறிக்கிறது?

வேலையை விட்டு நீக்கும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அதில் இரண்டு மூன்று தேதிகள் வரும்: கடிதம் எழுதிய நாள், கடைசி வேலை நாள், பாக்கிச் சம்பளம் கைக்கு வரும் நாள். கடிதத்தை வாங்கியவர் காரணம் சொல்லும் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். கோபமும் அழுகையும் வருவது அங்கேதான். ஆனால் நியாயம் கேட்டுப் போக நினைப்பவர் முதலில் வட்டம் போட்டு வைக்க வேண்டியது அந்தக் கடைசி வேலை நாளை. சிங்கப்பூரில் தவறான வேலைநீக்கம் என்று முறையிட அந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம்.

இந்தக் கட்டுரை தாமதத்தைப் பற்றியது. வேலைநீக்க வழக்கு ஒன்றில் ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் யாரைப் பாதிக்கிறது, எவ்வளவு பாதிக்கிறது, எங்கே அது தொழிலாளிக்கே துணையாக நிற்கிறது என்று பார்ப்போம்.

எந்த வாசலைத் தட்டுவது?

“ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம்” என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். அந்தப் பெயரில் இங்கே இருப்பது 1960-இல் அமைந்த தொழில் நடுவர் நீதிமன்றம். தொழிற்சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கூட்டுத் தகராறுகளுக்கு உரிய இடம் அது. தனி ஆள் ஒருவர், “என்னைக் காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள்” என்று கேட்கப் போகும் பாதை வேறு. அதில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி, அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் என்ற மூன்று தரப்பும் சேர்ந்த முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி. எல்லாரும் டாடம் என்றே சொல்கிறார்கள். அங்கே சமரசப் பேச்சு நடக்கும். அதில் முடியவில்லை என்றால் அரசு நீதிமன்றங்களின் கீழ் இயங்கும் வேலை உரிமைக்கோரல் நடுவர் மன்றம். சமரசத்தைத் தாண்டி நேராக மன்றத்துக்குப் போக முடியாது.

டாடம், மன்றம் இரண்டும் 2017 ஏப்ரலில் தொடங்கின. அப்போது மன்றம் சம்பளத் தகராறுகளை மட்டும் விசாரித்தது. வேலைநீக்கப் புகார்கள் மனிதவள அமைச்சரிடம் மனுவாகப் போய்க்கொண்டிருந்தன. 2019 ஏப்ரல் 1 முதல் அவையும் இதே பாதைக்கு வந்தன. அதே நாளில், மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கிய மேலாளர்களும் நிர்வாகிகளும் வேலை நியமனச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள். கடலோடிகள், இல்லப் பணிப்பெண்கள், அரசாங்க ஊழியர்கள், ஆணைபெற்ற கழகங்களின் ஊழியர்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவரை முன்னறிவிப்புடன் நீக்கியிருந்தால், அவர் குறைந்தது 6 மாதம் அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். முன்னறிவிப்பே இல்லாமல் நீக்கியிருந்தால் அந்த 6 மாத நிபந்தனை இல்லை.

அந்த ஒரு மாதம் எங்கே தொடங்குகிறது?

தப்புக் கணக்கு அதிகம் விழுவது இங்கேதான். ஒரே தேதியில் கடிதம் வாங்கிய மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் கடிதம் வந்தது மார்ச் 3.

முதலாமவரிடம், “ஒரு மாத நோட்டீஸ், ஏப்ரல் 2 வரை வேலைக்கு வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கடைசி நாள் ஏப்ரல் 2. கெடு அங்கிருந்து ஓடும்.

இரண்டாமவரிடம், “நாளை முதல் வர வேண்டாம், வீட்டில் இருங்கள், ஏப்ரல் 2 வரை நீங்கள் எங்கள் ஊழியர்தான்” என்கிறார்கள். இதைக் கார்டன் லீவ் என்பார்கள். வேலை நியமனம் ஏப்ரல் 2 வரை உயிரோடு இருக்கிறது.

மூன்றாமவரிடம், “இன்றோடு முடிந்தது, நோட்டீஸுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் போட்டுவிடுகிறோம்” என்கிறார்கள். இவருடைய கடைசி நாள் மார்ச் 3. ஏப்ரல் வரைக்கும் பணம் வந்துவிட்டது, அதனால் ஏப்ரலில்தான் கணக்குத் தொடங்கும் என்று நினைத்தார் என்றால், அவர் டாடம் வாசலுக்கு வரும்போது கதவு சாத்தியிருக்கும். இரண்டாமவரும் மூன்றாமவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், இருவருக்கும் ஒரே தொகைதான் வந்திருக்கிறது. கடிதத்தில் உள்ள ஒரு வரி மட்டும் வேறு. அந்த வரி தெளிவாக இல்லையென்றால், முந்தைய தேதியை வைத்தே கணக்குப் போடுங்கள்.

வற்புறுத்தி ராஜினாமா எழுதி வாங்கியதும் வேலைநீக்கமாகவே பார்க்கப்படலாம். “நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லபடியாகச் சான்று தருகிறோம்” என்று சொல்லி வாங்கியவை இந்த வகை. அப்போதும் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம்தான். மகப்பேறு தொடர்பான புகார் என்றால் மட்டும் கணக்கு மாறும்: குழந்தை பிறந்த நாளிலிருந்து 2 மாதம்.

இன்னொரு குழப்பம், சம்பளக் கோரிக்கைக்கு உரிய கெடுவையும் இதையும் ஒன்றாக எண்ணுவது. பாக்கிச் சம்பளம், ஓவர்டைம், நோட்டீஸ் பணம் போன்றவற்றுக்கு, வேலையை விட்டவருக்கு கடைசி நாளிலிருந்து 6 மாதம் அவகாசம் உண்டு. வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. தேக்காவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யாரோ “ஆறு மாசம் டைம் இருக்கு, அவசரப்படாதே” என்று சொன்னது இந்தச் சம்பளக் கெடுவாக இருக்கும். அதை நம்பி வேலைநீக்கப் புகாரைத் தள்ளிப்போட்டால் பெரிய உரிமை போய், சின்ன உரிமை மட்டும் மிஞ்சும்.

அப்படி மிஞ்சுவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு மாதம் தாண்டிவிட்டது, ஆனால் நோட்டீஸ் பணம் தரவில்லை என்றால், அந்தப் பணத்தை 6 மாதத்துக்குள் கேட்கலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படவில்லை என்றால் சட்டமே அளவு சொல்கிறது: 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். ஒப்பந்த மீறலுக்குச் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே பொதுவாகக் கிடைப்பது நோட்டீஸ் காலச் சம்பளம் அளவுக்குத்தான். வழக்கறிஞர் செலவைக் கழித்தால் சாதாரண சம்பளக்காரருக்கு அதில் ஒன்றும் தேறாது.

ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

சோம்பலால் தள்ளிப்போடுபவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களிடம் நியாயமாகத் தோன்றும் காரணம் ஒன்று இருக்கும். அதில் மிக ஆபத்தானது நிறுவனத்துக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடு. “மேனேஜ்மென்ட் மறுபரிசீலனை செய்யும், மூன்று வாரம் பொறுங்கள்” என்று ஹெச்.ஆர். சொல்கிறார். நல்ல எண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூன்று வாரமும் சட்டக் கெடுவுக்குள்தான் கரைகிறது. உள்ளே நடக்கும் மேல்முறையீடு கெடுவை நிறுத்தி வைக்காது. உள்ளே மனுக் கொடுங்கள், அதே வாரத்தில் டாடமிலும் பதிந்துவிடுங்கள். நிறுவனம் மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொண்டால் கோரிக்கையை மீட்டுக்கொள்ளலாம். கெடு போனபின் அதைத் திரும்பப் பெற வழி தேட வேண்டாம்.

அடுத்த காரணம் பயம். சான்றுக் கடிதம் தர மாட்டார்கள், கடைசிச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்க நிறுவனத்துக்கு அப்படியொன்றும் சுதந்திரம் இல்லை. முதலாளி நீக்கினால் கடைசி நாளிலேயே, முடியாவிட்டால் 3 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வரித் தீர்வைக்காக ஐஆர்21 படிவம் அனுப்பிவிட்டு, உள்நாட்டு வருவாய் ஆணையம் சொல்லும் வரை நிறுவனம் பணத்தைப் பிடித்துவைத்துத்தான் ஆக வேண்டும். அதைப் பழிவாங்கல் என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, தாள் எல்லாம் சேரட்டும் என்று காத்திருப்பது. வேண்டாம். பதிவதற்கு முழு ஆதாரக் கட்டும் தேவையில்லை. நடந்தது என்ன, எந்தத் தேதி, என்ன கேட்கிறீர்கள் என்பது போதும். மீதியைச் சமரசப் பேச்சுக்கு முன் சேர்க்கலாம்.

ஆதாரம் எப்படிக் கரைகிறது

கெடுவுக்குள் பதிந்துவிட்டால் மட்டும் தாமதத்தின் சேதம் நின்றுவிடாது. வேலைநீக்க வழக்கில் சான்றுகளில் பெரும்பகுதி நிறுவனத்தின் கையில் இருக்கும். கடிதம் கொடுத்த அன்று மாலையே மின்னஞ்சல் கணக்கு பூட்டப்படும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவார்கள். கேமராப் பதிவு சில வாரத்தில் அதன் மேலேயே புதிய பதிவு ஏறி அழிந்துபோகும். டியூட்டி ரோஸ்டர் சுவரில் ஒட்டியிருந்தது, அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் குப்பைக்குப் போயிருக்கும். உங்களுக்காகப் பேசக்கூடிய சக ஊழியர் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஊருக்குத் திரும்பிவிடுவார், அல்லது அதே மேலதிகாரியின் கீழ் பதவி உயர்வுக்குக் காத்திருப்பார். நான்கு மாதம் கழித்து “அன்று மேனேஜர் என்ன சொன்னார்?” என்று கேட்டால், உண்மையானவர்கூட “அப்படி ஏதோ சொன்னார்” என்பார். “ஏதோ” என்ற சொல்லை வைத்து நடுவர் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அதனால் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. அன்றிரவே உட்கார்ந்து, தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். அன்று எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு, விசாரணைக்கு முந்தைய வாரம் யோசித்து எழுதியதற்கு இருக்காது. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் எடுக்காமல், தேதியோடு முழுசாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நடுவில் இரண்டு செய்தி விட்டுப்போனால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். சம்பளச் சீட்டுகள், வேலை நியமன முக்கிய விதிமுறைகள் எழுதிய தாள், மதிப்பீட்டு அறிக்கை, மருத்துவச் சான்று, உங்கள் பெயருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதங்கள், இவற்றைச் சேருங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் போன்ற நிறுவன ரகசியங்களைப் பிரதி எடுத்துப் போகாதீர்கள். அது உங்கள் மேல் புதிய குற்றச்சாட்டாகத் திரும்பும்.

நிறுவனத்திடம் இருக்கும் பதிவுகளுக்கும் ஆயுள் உண்டு. வேலையை விட்டவரின் கடைசி 2 ஆண்டுப் பதிவுகளை, அவர் விலகியபின் ஓராண்டு வரை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. சம்பளச் சீட்டின் பிரதி வேண்டுமென்றால் உடனே எழுத்தில் கேளுங்கள். கேட்ட தேதி பின்னால் உதவும்.

நிறுவனம் தாமதித்தால்?

தாமதத்தின் எடை எப்போதும் தொழிலாளி தலையில் மட்டும் விழுவதில்லை. நடத்தைக்கேடு என்று சொல்லி நீக்கும் முன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். விசாரணைக்காக ஒருவரை இடைநீக்கம் செய்யலாம், ஆனால் ஒரு வாரம் வரைதான். அந்த வாரத்திலும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். விசாரணையில் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் பிடித்த பணத்தை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். அந்தக் காலத்தை நீட்டிக்க விரும்பும் நிறுவனம் தொழிலாளர் ஆணையரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆறு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, பிறகு ஒரு மின்னஞ்சலில் முடிவை அனுப்புவது இந்த விதிக்குள் அடங்காது.

இடைவெளியே பேசும் இடங்கள் உண்டு. ஜனவரியில் கல்லாப்பெட்டியில் 180 வெள்ளி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது யாரும் விசாரிக்கவில்லை, எழுத்தில் ஒரு கேள்விகூட இல்லை. மார்ச்சில் அதே ஊழியருக்கு போனஸ் கொடுத்து, மதிப்பீட்டில் “பொறுப்பானவர்” என்று எழுதுகிறார்கள். ஜூனில் அவர் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்கிறார். பத்து நாளில் நீக்கக் கடிதம் வருகிறது, காரணம் ஜனவரிக் கணக்கு. இந்த வரிசையைப் படிக்கும் நடுவருக்கு எழும் முதல் கேள்வி: ஐந்து மாதம் பொறுத்துக்கொண்ட தவறு ஜூனில் ஏன் திடீரென்று பெரிதானது? சொன்ன காரணம் பொய் என்று நிரூபணமானால், முன்னறிவிப்போடு நீக்கியிருந்தாலும் அது தவறான நீக்கம் என்று முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. காரணமே சொல்லாமல் முறையாக நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் மட்டும், அது தவறில்லை என்ற அனுமானத்தில் தொடங்குவார்கள். அதை உடைக்க வேண்டிய பொறுப்பு ஊழியருடையது. அங்கே இந்தத் தேதி வரிசைதான் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம்.

இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. திருட்டு உண்மையென்று ஆதாரத்தோடு நிற்குமானால், மூன்று மாதம் கழித்து விசாரித்தார்கள் என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. தாமதம் சந்தேகத்தைக் கிளப்பும். ஆதாரத்தின் இடத்தை நிரப்பாது.

சாப்பாட்டுக் கடை, மினிமார்ட், சின்ன ஒப்பந்த நிறுவனம் நடத்துபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலை சரியில்லை என்று நீக்குவதாகச் சொன்னால், சரியில்லாத வேலையைப் பற்றி அப்போதே எழுதிய தாள் வேண்டும். “வாயால் பத்துத் தடவை சொன்னேன்” என்பது உண்மையாகவே இருக்கும். மன்றத்தில் அதைக் காட்ட முடியாது. தப்பு நடந்த வாரத்திலேயே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால்கூட அதன் கனம் வேறு.

சமரசப் பேச்சும் அதற்குப் பிந்தைய 4 வாரமும்

டாடமில் பதிந்தபின் இரு தரப்பையும் அழைத்துச் சமரச அதிகாரி பேசுவார். இங்கே தாமதம் பெரும்பாலும் ஒத்திவைப்பாக வரும். நிறுவனத்துப் பிரதிநிதி வெளிநாட்டில் இருக்கிறார், கணக்கர் விடுப்பில் இருக்கிறார், ஆவணம் தலைமையகத்தில் இருக்கிறது. ஒரு முறை ஒத்திவைப்பது இயல்பு. தொடர்ந்து நடந்தால், அடுத்த தேதியை அந்த இடத்திலேயே எழுத்தில் உறுதி செய்யும்படி பணிவாகக் கேட்கலாம். உங்களால் வர முடியவில்லை என்றால் முன்கூட்டியே, மருத்துவச் சான்றோ வேறு ஆதாரமோ இணைத்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராமல் இருப்பவரின் கோரிக்கை அங்கேயே நின்றுபோகும்.

ஒத்திவைப்பின் உண்மையான விலை பேரத்தில் தெரியும். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பிள்ளையின் பள்ளிச் செலவு ஆகியவை ஊழியருக்காகக் காத்திருக்காது, முதலாளிக்கு அந்த நெருக்கடி இல்லை. முதல் கூட்டத்தில் 6,000 வெள்ளி கேட்டவர், மூன்றாவது கூட்டத்தில் 2,500-க்குத் தலையாட்டுவது வழக்கு பலவீனமானதால் அல்ல, வங்கிக் கணக்கு வற்றியதால். அதற்கு ஒரே மாற்று, வேறு வேலையை உடனே தேடத் தொடங்குவது. வேலை கிடைத்தால் வழக்கு கெட்டுவிடும் என்று சும்மா இருப்பவர்கள் உண்டு. அடுத்த பகுதியில் வரும் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு தப்பு என்று புரியும்.

சமரசம் முறிந்தால் கோரிக்கைப் பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதன் தேதியிலிருந்து 4 வாரத்துக்குள் மன்றத்தில் இணையவழி பதிய வேண்டும். சான்றிதழ் வாங்கியதே வெற்றி என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். 4 வாரம் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். ஆனால் வேலைநீக்கத்துக்குரிய ஒரு மாதக் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

மன்றத்தில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. இரு தரப்பும் தாங்களேதான் பேச வேண்டும். நடுவரே கேள்வி கேட்டு விசாரணையை நடத்துவார். முதலில் வழக்கு மேலாண்மைக் கூட்டம், அதில் ஆவணங்களையும் சாட்சி வாக்குமூலங்களையும் தாக்கல் செய்யத் தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதிகள் ஆலோசனைகள் அல்ல. விசாரணை அன்று காலை புதிய தாள்களோடு வந்தால், எதிர்த்தரப்பு படிக்க நேரம் கேட்கும், வழக்கு தள்ளிப்போகும். அல்லது அந்தத் தாளை ஏற்காமலே போகலாம். தமிழில் இருக்கும் குறிப்புக்கும் குரல் செய்திக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படும். அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

காத்திருந்தால் தொகை கூடுமா?

கூடாது. வழக்கு இழுக்க இழுக்க இழப்பீடும் வளரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஊரில் பல ஆண்டு நடந்த தொழிலாளர் வழக்குகளில் பின்சம்பளம் சேர்ந்துகொண்டே போன கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் இருக்கலாம். இங்கே விதி வேறு.

தவறான நீக்கம் என்று தீர்ப்பானால், வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், அல்லது இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். இழப்பீட்டில் இரண்டு பகுதி. ஒன்று வருமான இழப்பு: எத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தாலும் 3 மாத மொத்தச் சம்பளம்தான் உச்சம். மற்றொன்று, நீக்கம் ஏற்படுத்திய பாதிப்புக்கான தொகை: 2 மாதச் சம்பளம் வரை ஓர் அடிப்படைத் தொகையை முடிவு செய்து, நிறுவனமும் ஊழியரும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து அதை 50 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.

மாதம் 2,800 வெள்ளி வாங்கிய துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிய ஏழு மாதம் ஆகிறது, அதுவரை வேலையே இல்லை. அவர் உண்மையில் இழந்தது 19,600 வெள்ளி. வருமான இழப்பாகக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 8,400. நான்காவது மாதத்திலிருந்து காத்திருந்த ஒவ்வொரு மாதமும் அவர் சொந்தக் கணக்கில் போனது. பாதிப்புக்கான அடிப்படைத் தொகை ஒரு மாதச் சம்பளம் என்று முடிவாகி, நிறுவனம் மோசமாக நடந்துகொண்டதால் 50 விழுக்காடு கூடினால் 4,200. ஆகமொத்தம் 12,600. அதே ஆள் ஆறு வாரத்தில் வேறு வேலையில் சேர்ந்திருந்தால், வருமான இழப்பு அந்த ஆறு வார அளவுக்கு இறங்கும், ஆனால் பாதிப்புக்கான கோரிக்கை அப்படியே இருக்கும், மாதச் சம்பளமும் கையில் வரும். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் வேலையில் சேர்ந்தவர்தான் முன்னால் நிற்கிறார்.

இதற்கு மேல் மன்றத்தின் மொத்த உச்சவரம்பு ஒன்றும் உண்டு. 2017-இல் தொடங்கியபோது வகுத்த அளவு, ஒரு கோரிக்கைக்கு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் துணையோடு சமரசத்துக்கு வந்திருந்தால் 30,000. சம்பளம் உயர்ந்தவர்களுக்கு மாதக் கணக்கை விட இந்தக் கூரைதான் முதலில் இடிக்கும்.

வேலையைத் திரும்பக் கேட்பவர்களை இதைவிடவும் கடுமையாகத் தாமதம் தாக்கும். நீக்கிய அடுத்த வாரம் உங்கள் நாற்காலி காலி. மூன்றாவது மாதம் அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு தப்பும் செய்யாதவர். ஆறாவது மாதம் அந்தப் பிரிவே மாறியிருக்கும். மேலதிகாரியும் நீங்களும் சாட்சிக் கூண்டில் ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லி முடித்திருப்பீர்கள். திரும்பி வேலைக்குப் போகத்தான் விருப்பம் என்றால், அதை முதல் சமரசக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது நடக்கக்கூடிய வாரங்கள் ஆரம்பத்தில்தான் இருக்கின்றன.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு

துவாஸிலும் செம்பவாங்கிலும் வேலை பார்க்கும் நம் தம்பிகளுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. வேலை அனுமதி ரத்தானதும் நாட்டில் தங்க மிஞ்சுவது சில நாட்களோ சில வாரங்களோதான். பெட்டியைக் கட்டி விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டால், ஒரு மாதக் கெடு தாளில் இருக்கும், ஆள் திருச்சியில் இருப்பார். அதனால் இவர்கள் மாதத்தை நம்பாமல், நீக்கம் தெரிந்த அன்றோ மறுநாளோ மனிதவள அமைச்சையோ டாடமையோ அணுக வேண்டும். கோரிக்கை நடக்கும்போது தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆள் இங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழ் பேசி வழிகாட்டக்கூடியவர்களின் உதவியை நாடலாம். விமான நிலையத்துக்கு வண்டி ஏறும் முன், “எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், புகார் ஏதுமில்லை” என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளை நீட்டினால், புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒப்பந்தம் ஆன பிறகு

சமரசத்தில் தொகை பேசி முடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பணம் தவணையில் வருவதாக இருந்தால் முடியவில்லை. சமரச ஒப்பந்தத்தை 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்தால், அது நீதிமன்ற உத்தரவுக்குச் சமமான பலம் பெறும். பணம் தராதவர் மேல் அதைக் கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். பெரும்பாலானவர்கள், “முதலில் ஒழுங்காகத் தருகிறார்களா பார்ப்போம், தராவிட்டால் பதிவோம்” என்று விட்டுவிடுகிறார்கள். தேதியை வைத்துப் பாருங்கள். ஜூன் 2 அன்று கையெழுத்து. தவணைகள் ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. நான்கு வாரம் முடிவது ஜூன் 30. முதல் தவணை சரியாக வந்துவிடும், நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டாவது தவணை வராதது ஆகஸ்ட் மாதத்தில்தான் தெரியும். பதிவதற்கான நாள் அதற்குள் ஒரு மாதம் பின்னால் போயிருக்கும். முதல் தவணைக்குக் காத்திருக்காமல், கையெழுத்துப் போட்ட அந்த வாரமே பதிந்துவிடுங்கள்.